ஓரத்தில் எழுதியது

அஞ்சல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், போக வழி தெரியாத கடிதங்கள் வந்து சேரும் பிரிவு ஒன்று இருந்தது. உறையில் முகவரி அழிந்தவை, தவறியவை, எழுதவே மறந்தவை எல்லாம் அங்கேதான் வரும். அவற்றைப் பிரித்து, உள்ளே அனுப்பியவரின் முகவரி ஏதும் இருந்தால் வேறு உறையிலிட்டுத் திருப்பி அனுப்புவது வேலை. அட்டை அக்கா அந்த வேலையை இருபத்தாறு வருடம் நான்கு மாதம் செய்தார்.

முகவரியைத் தவிர ஒரு சொல்லும் படிக்கக் கூடாது என்று அங்கே விதி. சேரும் நாளில் எல்லோரும் அதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் கண் கையெழுத்துக்குக் கட்டுப்படுமா? சேர்ந்த மூன்றாம் நாளே அவர் ஒரு கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டார். ஓர் அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியது. உறையிலும் முகவரி இல்லை, உள்ளேயும் இல்லை. தம்பிக்குப் போய்ச் சேர வேண்டிய மன்னிப்பு, சம்பந்தமே இல்லாத தன்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டதாக அவருக்குத் தோன்றியது. நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் பழைய கோப்பு உறை ஒன்றை வெட்டி, நடுவில் மூன்று விரல் அகலம், இரண்டு விரல் உயரத்தில் ஒரு ஜன்னல் வைத்தார். கடிதத்தைப் பிரித்ததும் அட்டையை மேலே போடுவார். ஜன்னலை வலது மேல் மூலைக்கு நகர்த்துவார். அங்கே முகவரி இல்லையென்றால் கீழே கையெழுத்துக்கு அடியில் பார்ப்பார். அங்கேயும் இல்லையென்றால் கடிதம் கழிவு மூட்டைக்குப் போகும். நடுவில் இருப்பது அவர் கண்ணில் படவே படாது.

"என்னம்மா, குதிரைக்குக் கட்டுற மாதிரி கண்ணுக்குப் பட்டை கட்டிக்கிட்ட?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்.

"குதிரை நேராப் போகுதில்ல? அது போதும்."

"உனக்கு அட்டைன்னு பேரு வெச்சா ரெண்டு விதத்துலயும் பொருந்தும். புடிச்சா விட மாட்டேங்குற."

பேர் நிலைத்துவிட்டது. கேலி செய்தவரே அடுத்த மாதம் ஓர் அட்டை கேட்டு வாங்கிக்கொண்டார். வருடம் முடிவதற்குள் பதினான்கு மேஜையிலும் அட்டை இருந்தது.

கடிதங்கள் குறைந்து பிரிவை மூடியபோது அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. வீட்டில் தண்ணீர் பம்பு பழுது பார்க்கும் கணவர். வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். சும்மா இருக்கத் தெரியாத இரண்டு கைகள். "வாசல்ல உக்காந்து யார் போறா, யார் வர்றான்னு எண்ணப் போறியா?" என்று கணவர் கேட்ட அதே வாரம், தங்கை மகன் வந்து கூப்பிட்டான்.

அவன் 'கட்டத் துணை' என்று ஓர் ஆப் செய்திருந்தான். செய்தித்தாளில் வரும் குறுக்கெழுத்தைப் பாதி போட்டுவிட்டுத் திணறுகிறவர்கள், அதை அப்படியே போனில் படம் பிடிக்க வேண்டும். ஆப் கட்டங்களைப் படித்து, மாட்டிக்கொண்ட வரிசைக்கு எந்தெந்தச் சொல் பொருந்தும் என்று காட்டும். 'ஜோடி' என்று ஒரு வசதியும் உண்டு. இரண்டு பேர் சேர்ந்துகொண்டால், ஒருவர் எடுத்த படம் மற்றவர் போனிலும் வரும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி. அவன் ஆப்பைக் கவனிக்க, அக்கா ஆட்களைக் கவனித்தார். எழுதிக் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவார். உதவிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து அதைப் போட வைத்தவரும் அவர்தான். அந்தப் பக்கத்தில் இருந்த வாசகங்கள் எல்லாம் அவர் கைப்பட எழுதியவை. அதில் ஒன்று: 'அழி என்பதை அழுத்தினால் உங்கள் படம் அழிந்துவிடும்.' எழுதுவதற்கு முன் தங்கை மகனிடம் கேட்டார். அவன் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல் "ஆமா பெரியம்மா" என்றான். எழுதிவிட்டார்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. பேசியவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். கடைக்குள்ளிருந்து பேசுகிறாள் போலும், குரல் பாதிதான் வந்தது.

"மேடம், கட்டத் துணையில இருந்து ஒரு படத்த அழிக்கணும்."

"அழின்னு இருக்கும்மா, அத அழுத்தினா..."

"அழுத்திட்டேன். என் போன்ல போயிடுச்சு. ஆனா என் ஜோடி போன்ல போகாது. போன வாரம் அவங்க ஒண்ண அழிச்சாங்க, எனக்கு அது இன்னும் தெரியுது."

அக்காவுக்குத் தான் எழுதிய வாசகம் நினைவுக்கு வந்தது. "ஜோடி யாரும்மா?"

"எங்க நாத்தனார். வீட்டுக்காரருக்கு அக்கா. பேக்கரியில இருக்காங்க. வேலை நேரத்துல போன லாக்கர்ல வெச்சுப் பூட்டிடுவாங்க. நாலு மணிக்கு எடுப்பாங்க. எடுத்ததும் மொதல்ல கட்டத்ததான் தொறப்பாங்க மேடம், முகம் கூடக் கழுவ மாட்டாங்க."

"படத்துல என்ன..." என்று ஆரம்பித்து அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேண்டாம், சொல்ல வேண்டாம்."

ஆனால் அந்தப் பெண்ணுக்கு அடக்க முடியவில்லை. "சாப்பாட்டு வேளையில பேப்பர் மடியில இருந்துச்சு. அப்ப ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு. கைக்குக் கெடச்ச எடத்துல, அந்தக் கட்டத்து ஓரத்துலயே எழுதிக்கிட்டேன். அப்புறம் நெனப்பே இல்லாம படம் புடிச்சுட்டேன். அவங்க தங்கமானவங்க மேடம். ஆனா சந்தோஷம் வந்தா வாய் நிக்காது, தெருவுக்கே தெரிஞ்சுடும். மூணு தடவை எல்லாருக்கும் சொன்னோம். மூணு தடவையும், ஒவ்வொருத்தரா, இல்லன்னு திரும்பச் சொல்ல வேண்டியதாப் போச்சு. இந்தத் தடவை மூணு மாசம் தாண்டி, நானா வாயத் தொறந்து..."

"புரிஞ்சுதும்மா. போதும். நாலு மணிக்கு முன்னாடி செஞ்சுடறேன்." சொல்லிவிட்டார். எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாது.

தங்கை மகன் அன்று ஊரின் மறு கோடியில், பல் மருத்துவரின் நாற்காலியில் இருந்தான். அக்கா அழைத்ததும் எடுத்தான். ஆனால் தாடை மரத்துப்போயிருந்தது.

"பெயம்மா... அயு அயிக்கய..."

"டேய், மனுஷ பாஷையில பேசு!"

அவன் வைத்துவிட்டுச் செய்தி அனுப்ப ஆரம்பித்தான். 'அழி அழுத்தினா அவங்க போன்லதான் மறையும். படம் சர்வர்ல இருக்கும். ஜோடி தொறந்தா அங்க எறங்கும்.'

'எத்தனை படம் இருக்கு?'

'ஆரம்பத்துல இருந்து எல்லாம். ரெண்டு லட்சத்துப் பதினோராயிரம். கையெழுத்த இன்னும் நல்லாப் படிக்க வைக்கலாம்னு வெச்சிருக்கேன்.'

'ஓரத்தோடவா?'

'முழுசா.'

'அழிஞ்சிடும்னு நீதானே சொன்ன?'

'போன்ல அழிஞ்சிடும்னு சொன்னேன்.'

'வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ' என்று அக்கா தட்டினார். முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு அவர் தன் வாயால், தன் எழுத்தால், அழிந்துவிடும் என்று உறுதி கொடுத்திருந்தார்.

நேரில் வந்தால் இரண்டு நிமிட வேலைதான், ஆனால் ஐந்து மணிக்கு முன் நாற்காலியை விட்டு எழ முடியாது என்றான் அவன். படங்கள் இருக்கும் பக்கத்துக்கு வழியும் கடவுச்சொல்லும் அனுப்பினான். அங்கே பெயர் இராது. வந்த நேரமும் ஒரு எண்ணும்தான் இருக்கும்.

கண்ணாடிக் கடைப் பெண் ஒன்று ஐந்துக்கும் ஒன்று இருபத்தைந்துக்கும் நடுவில் படம் எடுத்ததாகச் சொல்லியிருந்தாள். அந்த இருபது நிமிடத்தில் எண்பத்தேழு படங்கள் வந்திருந்தன. எண்பத்தேழையும் ஒரேயடியாக அழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மற்ற எண்பத்தாறும் அடுத்தவர் பொருள். யாரோ யாருடனோ சேர்ந்து பாதியில் வைத்திருக்கும் குறுக்கெழுத்துகள். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்தால் எண்பத்தேழு பேரின் ஓரங்களும் கண்ணில் படும். பேப்பர் ஓரத்தில் மனிதர்கள் எதைத்தான் எழுத மாட்டார்கள்?

அக்கா கீழே இறங்கி, சைக்கிள் கடைக்காரரிடம் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியும் பிளேடும் கேட்டு வாங்கி வந்தார். ஆப் எந்தப் படத்தையும் நேராக்கி, குறுக்கெழுத்தை எப்போதும் ஒரே இடத்தில் பொருத்தி வைப்பது அவருக்குத் தெரியும். அப்படி வைத்தால்தான் அதற்குக் கட்டம் படிக்க வரும். ஆகவே ஜன்னலும் ஓர் இடத்தில் இருந்தால் போதும். திரையை முழுக்க மூடும் அளவுக்கு அட்டையை வெட்டி, இடது மேல் மூலையில் நான்கு கட்டம் மட்டும் தெரியும்படி திறந்து, பசைநாடாவால் ஒட்டினார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"மொத வரிசையில, மொத நாலு கட்டத்துல என்னம்மா எழுதின?"

"'மழைக்காலத்தில் வானில் தோன்றி மறைவது'ன்னு குறிப்பு மேடம். வானவில்னு போட்டேன்."

"என்ன மை?"

"பச்சை. கடை பேனா."

அன்று எல்லோருக்கும் ஒரே செய்தித்தாள், ஒரே குறுக்கெழுத்து. ஒன்றொன்றாகத் தள்ளினார். அறுபத்தொரு பேர் மின்னல் என்று போட்டிருந்தார்கள். பதினைந்து பேர் காலியாக விட்டிருந்தார்கள். வானவில் என்று எழுதியவர்கள் பதினொரு பேர். நாற்பதாவது படத்தில் பசைநாடா பிய்ந்து அட்டை சரிந்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கையைத் திரையில் பரப்பி, தடவித் தடவி அட்டையை மறுபடி ஒட்டிய பிறகே கண்ணைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்த சைக்கிள் கடைக்காரர், "ஏன்க்கா, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் பிளேடை வாங்கிப் போனார்.

பதினொன்றில் பச்சை மை இரண்டு. மணி மூன்று பத்து.

"பச்சையில ரெண்டு பேரும்மா. வேற ஏதாவது அடையாளம் உண்டா? கட்டத்துக்குள்ள மட்டும் சொல்லு."

அவள் யோசித்தாள். "டீ கப்ப அது மேல வெச்சுட்டேன். 'வி' இருக்குற கட்டத்துல வட்டம் விழுந்திருக்கும்."

இரண்டில் ஒன்றின் மூன்றாம் கட்டத்தில் பழுப்பாக ஒரு வளைவு ஓடியது. அதன் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து அக்கா அழித்தார். நிரந்தரமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆம் என்றார். மணி மூன்று பதினாறு. சர்வர் படங்களை மறு நகல் மாலை ஆறுக்குத்தான் எடுக்கும், அதற்குள் போய்விட்டதால் எங்கேயும் மிச்சம் இல்லை என்று தங்கை மகன் உறுதி சொன்னான்.

"அழிச்சாச்சும்மா."

"நீங்க பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"நாலு கட்டம் பாத்தேன். வானவில் தப்பு. மின்னல்தான் சரி."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

உண்மையில் போயிற்றா என்பது நான்கு மணிக்குத்தான் தெரியும். நான்கு ஆனதும் அக்கா தண்ணீர்க் குடத்தருகே நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். நான்கு ஒன்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

"அக்கா!" மேடம் போய் அக்கா வந்துவிட்டது. "இப்பதான் அண்ணி கூப்பிட்டாங்க. 'என்னடி, இன்னிக்குக் கட்டம் ஒண்ணுமே வரல, தூங்கிட்டியா, சோம்பேறி'ன்னு அந்தத் திட்டு திட்டறாங்க. என் வாழ்க்கையிலயே இவ்வளவு இனிப்பா யாரும் என்னைத் திட்டினதில்ல. எப்படிக்கா உங்களுக்கு நன்றி சொல்றது?"

"பேப்பர எடுத்து, ஓரத்த வெட்டிட்டு, மறுபடி படம் புடிச்சு அனுப்பு. அண்ணி காத்திருப்பாங்க."

ஐந்தரைக்குத் தங்கை மகன் ஒரு பக்கக் கன்னம் பன்னாக வீங்கி வந்து சேர்ந்தான். திரையில் தொங்கிய அட்டையைப் பார்த்தான். பிறகு பெரியம்மாவைப் பார்த்தான்.

"எண்பத்தேழையும் இது வழியாவா பாத்தீங்க?"

"ஆமா. உன் ஆப்புக்கும் இவ்வளவுதானே வேணும்? கட்டம் மட்டும். மீதிய எதுக்கு வாங்கி வெச்சிருக்க?"

அவனுக்குக் கோபம் வரும் என்று அக்கா எதிர்பார்த்தார். இரண்டு வருடம் சேர்த்த படங்கள். ஆனால் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அட்டையின் ஜன்னலில் விரலை ஓட்டிப் பார்த்தான். "நான் அத ஓரம்னு நெனைக்கவே இல்ல பெரியம்மா. படம்னுதான் நெனச்சேன்" என்றான்.

மாற்றி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. போனுக்குள்ளேயே ஓரத்தை வெட்டிவிட்டுக் கட்டத்தை மட்டும் அனுப்பும்படி செய்தான். ஒருவர் அழித்தால் ஜோடியிடமும், சர்வரிலும், எங்கும் அழியும். பழைய படங்கள் அத்தனையையும் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவனே அழித்தான். அழிக்கும்போது பல்லை மட்டும் கடிக்கவில்லை, அது இன்னும் வலித்தது. கையெழுத்துப் பழக்க மனமுவந்து கட்டங்களைத் தருகிறவர்கள் தரலாம் என்று தனியே ஒரு கேள்வி வைத்தான். முதல் மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சரி என்றார்கள். அவன் எதிர்பார்த்தது முப்பது.

அறிவிப்பை அக்கா எழுதினார். 'அழி என்று நீங்கள் அழுத்திய படங்கள் இதுவரை உங்கள் போனில் மட்டுமே மறைந்தன. எங்களிடம் இருந்தன. அழிந்துவிடும் என்று நாங்கள் சொன்னது தவறு. இப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டோம்.' மழுப்பி எழுதலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல அந்த அறையில் வேறு யாரும் இல்லை. நூற்று நாற்பது பேர் ஆப்பை விட்டுப் போனார்கள். நான்கு பேர் திட்டி எழுதினார்கள். நால்வருக்கும் அக்கா தனித்தனியே பதில் போட்டார். அதில் இருவர் திரும்ப வந்தார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று வீட்டில் கணவர் கேட்டதற்கு, "ஒருத்தர் படம் அழிக்கச் சொன்னாங்க, அழிச்சேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். "உன் வாய்க்குப் பூட்டு போட்டவன் சாவிய ஆத்துல வீசிட்டான் போல" என்றார் கணவர்.

ஏழு மாதம் நான்கு நாள் கழித்து, காலை பத்தே காலுக்கு ஒரு பெருங்குரல் அழைத்தது. அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"கட்டத் துணைங்களா? நான் பேக்கரியில இருந்து பேசறேன். உங்க ஆப்பு கெட்டுப்போச்சு! எங்க வீட்டுப் புள்ளயப் படம் புடிச்சு உங்களுக்கு அனுப்பலாம்னு பாத்தா, 'கட்டம் எதுவும் தெரியவில்லை, படம் உங்கள் போனை விட்டு வெளியே போகவில்லை'ன்னு வருது. ஏழு தடவை புடிச்சேன். ராஜா மாதிரி இருக்கான், ஒண்ணுமே தெரியலயாம் இதுக்கு!"

அக்காவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "அது கெடலீங்க. அதுக்குக் கட்டத்தத் தவிர எதுவும் தெரியக் கூடாதுன்னுதான் செஞ்சு வெச்சிருக்கோம்."

"அப்ப நான் எப்படிக் காட்டறது?"

"நான் வந்து பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை போனார். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. பால்கனிக் கயிறு நிறையச் சின்னத் துணிகள். கண்ணாடிக் கடைப் பெண்ணை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். குரலை வைத்து நினைத்ததைவிட உயரமாக இருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

கருவுற்ற பதின்மூன்றாம் வாரம் பேக்கரியின் பின்வாசலில் வைத்துத்தான் நாத்தனாரிடம் சொன்னாளாம். ரொட்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றாராம். ஒரு சத்தம் இல்லையாம்.

"நான் யார்கிட்டயும் சொல்லலீங்க" என்றார் நாத்தனார். இப்போதும் பிள்ளைக்காகக் குரலைத் தணித்துத்தான் பேசினார், அவருக்கு அது பெரும்பாடாக இருந்தது. "எங்கிட்டயே மறைச்சுட்டாளேன்னு மொதல்ல கோவம். பேப்பர் ஓரம், படம்னு எல்லாத்தையும் அன்னிக்கே சொல்லிட்டா. வீட்டுக்குப் போய் யோசிச்சேன். தெரிஞ்சிருந்தா தினம் பத்து தடவை இவ மூஞ்சியப் பாத்துப் பாத்தே கேட்டிருப்பேன். இவளும் பயந்திருப்பா, நானும் பயந்திருப்பேன். நீங்க இவளுக்கு மட்டும் பண்ணல, எனக்கும் பண்ணியிருக்கீங்க."

"நன்றி நான்தான் சொல்லணும்" என்றார் அக்கா. "இவ போன் பண்ணலன்னா, நான் எழுதினது பொய்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. இன்னிக்கும் எல்லாருக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன்."

நாத்தனார் அந்தப் பெண்ணின் மடியிலிருந்து பிள்ளையை மெல்ல வாங்கி, தூக்கம் கலையாமல், அக்காவின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"நல்லாப் பாருங்க" என்றார். "முழுசாப் பாருங்க."